நீராடியதால் நோய்: சட்டம் தரும் பரிகாரங்கள்

மாசுபட்ட நீரில் குளிப்பவர்களுக்கு வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை, எலிக்காய்ச்சல் போன்ற நோய்கள் ஏற்படக்கூடும். 2024ஆம் ஆண்டில் கேரளத்தில் குளங்களில் நீராடிய சிலர் அமீபா மூளைக்காய்ச்சலுக்கு ஆளாயினர். இவ்வாறு நோயுற்றவர் சட்டத்தின் துணையை நாட இயலுமா? இயலும். ஆனால் எந்த வழியை நாடுவது என்பது, அந்த நீர் எவர் பொறுப்பில் இருந்தது என்பதைப் பொறுத்தது.

கட்டண நீச்சல் குளம்

கட்டணம் பெற்றுக்கொண்டு நடத்தப்படும் நீச்சல் குளம் ஒரு சேவையாகும். நீரைத் தூய்மையாக வைக்காதது சேவைக் குறைபாடு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். எந்த ஆணையம் விசாரிக்க வேண்டும் என்பது கேட்கும் இழப்பீட்டைக் கொண்டு அல்லாமல், செலுத்திய கட்டணத்தைக் கொண்டே முடிவாகிறது. அத்தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருப்பின் மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். சட்டப்படி அமைந்த பொது அமைப்புகளின் சேவைகளும் நுகர்வோர் சட்டத்திற்கு உட்படும் என்று உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்துள்ளதால், கட்டணம் பெறும் நகராட்சிக் குளத்திற்கும் இது பொருந்தும். இலவசமாக அளிக்கப்படும் சேவைக்குப் பொருந்தாது.

பொதுக் குளம்

கட்டணமில்லாத பொதுக் குளம் சீர்கெட்டிருந்தால், பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்படி, பொதுத் தொல்லையை அகற்றுமாறு நிர்வாகத்துறை நடுவர் ஆணையிடலாம். இதற்கு முன் நடப்பிலிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவும் இதே அதிகாரத்தை வழங்கியது. அதன்கீழ் மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகர மக்கள் சாக்கடைக் கேட்டைப் பற்றித் தொடுத்த வழக்கில், நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி நகராட்சி தன் கடமையிலிருந்து விலக முடியாது என 1980இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பொது நீர்த்தேக்கத்தை வேண்டுமென்றே அசுத்தப்படுத்துவது பாரதீய நியாய சன்ஹிதாவின் 279ஆம் பிரிவின்படி குற்றம். ஆயினும் இப்பிரிவுகளின் நோக்கம் தொல்லையை நீக்குவதும் தண்டிப்பதுமே. நோயுற்றவருக்கு இழப்பீடு வேண்டுமெனில், கவனக்குறைவின் பேரில் உரிமையியல் வழக்குத் தொடரலாம்.

ஆறும் ஏரியும்

ஆலைக் கழிவோ நகரக் கழிவுநீரோ கலந்த ஆற்று நீரால் நோய் ஏற்பட்டால், 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திடம் இழப்பீடு கோரலாம். இதற்கான காலவரம்பு ஐந்து ஆண்டுகள். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டைத் தீர்ப்பாயம் பின்பற்றுகிறது.

சான்றின் இன்றியமையாமை

வழிகள் பல இருப்பினும், நீருக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை மெய்ப்பிக்கும் பொறுப்பு பெரும்பாலும் நோயுற்றவரையே சாரும். டைபாய்டு பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரங்களிலும், மஞ்சள் காமாலையின் 'ஏ' வகை இரண்டு முதல் ஆறு வாரங்களிலும் வெளிப்படுகின்றன. அதற்குள் குளத்து நீர் மாற்றப்பட்டிருக்கலாம். ஆற்று நீரோ என்றோ ஓடிப்போயிருக்கும். எனவே நுழைவுச் சீட்டு, மருத்துவப் பரிசோதனை அறிக்கைகள், செலவுப் பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றைப் பாதுகாத்தல் வேண்டும். அதே நாளில் நீராடி அதே நோய்க்கு ஆளான பிறரின் வாக்குமூலம் வலுவான சான்றாகும். மகளிர், குழந்தைகள், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர் முதலியோர் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி பெறலாம்.

அலுவலர் கடமை

தனி மனிதரால் எளிதில் திரட்ட இயலாத சான்று ஒன்று உண்டு; அதுவே நீர் மாதிரி. முறையீடு கிடைத்த அன்றே, கிருமி நீக்கிய புட்டியில் மாதிரி எடுத்து, குளிர்நிலையில் வைத்து, 24 மணி நேரத்திற்குள் ஆய்வகத்தில் சேர்த்தல் நலம். குளோரின் கலந்த நீராயின் அதனைச் செயலிழக்கச் செய்யும் மருந்து புட்டியில் இருத்தல் வேண்டும். திறந்தவெளி நீராடலுக்கு 100 மில்லி லிட்டரில் மலக் கோலிபாரம் எண்ணிக்கை 500க்குள் இருப்பது விரும்பத்தக்கது. 2,500ஐக் கடக்கலாகாது என்பது மத்திய அரசு வகுத்துள்ள அளவுகோல்.

ஒரு நாள் தாமதம் ஒரு குடும்பத்தின் நியாயத்தையே இல்லாமற் செய்துவிடக்கூடும். சட்டம் அளிக்கும் உரிமை பயன் தருவது, உரிய நேரத்தில் எடுக்கப்பட்ட அந்த ஒரு புட்டி நீரால்தான்.