குளிர்காலத் தங்கிடமும் குருவியின் வாழ்வும்



வட நாடுகளில் பனிக்காலம் தொடங்கியதும் பூச்சிகள் அருகிவிடும். பூச்சிகளை உண்டு வாழும் சிறு பறவைகள் வெப்ப நாடுகளை நாடிப் பறந்து செல்லும். இவற்றை வலசைப் பறவைகள் என்பர். ஆண்டின் இறுதியில் நம் ஊர் மின்கம்பிகளில் வரிசையாக அமரும் தகைவிலான் குருவிகளும் இவ்வினத்தைச் சார்ந்தவையே.

வெப்ப நாட்டை அடைந்துவிட்டால் மட்டும் போதுமா? அங்கே தங்கும் இடம் எத்தகையது என்பதும் இன்றியமையாததா? இவ்வினாவிற்கு 'அமெரிக்க ரெட்ஸ்டார்ட்' என்னும் பாடும் பறவை விடை பகர்கின்றது.

இதன் எடை ஏறத்தாழ 8 கிராமே. கோடையில் கனடா, அமெரிக்கக் காடுகளில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். குளிர்காலத்தில் கரிபியன் கடலிலுள்ள ஜமைக்கா முதலிய இடங்களில் தங்கும். ஜமைக்காவில் இதற்கு இருவகைத் தங்கிடங்கள் உண்டு. ஒன்று, கடலோரக் கண்டல் காடு. மற்றொன்று, வறண்ட புதர்க்காடு. ஈரம் நிறைந்த கண்டல் காட்டில் பூச்சிகள் மிகுதி. ஆகவே, வலிமை மிக்க முதிர்ந்த ஆண் பறவைகள் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பெண் பறவைகளும் இளம் பறவைகளும் பெரும்பாலும் புதர்க்காட்டிற்குத் துரத்தப்படுகின்றன.

ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறையும். அப்போது புதர்க்காட்டில் பூச்சிகள் குறைய, அங்குள்ள பறவைகள் மெலிகின்றன. நெடும்பயணத்திற்கு வேண்டிய கொழுப்பைச் சேர்க்கக் காலம் பிடிப்பதால் அவை தாமதமாகவே புறப்படுகின்றன. முன்னதாக வந்து சேரும் பறவைக்கே நல்ல கூடமைவிடம் கிட்டும். பிந்தி வருவது குறைந்த குஞ்சுகளையே வளர்க்க இயலும்.

அமெரிக்காவிற்குத் திரும்பிய பறவை எங்கே தங்கியிருந்தது என்பதை எவ்வாறு அறிவது? வறண்ட நிலத்துத் தாவரங்களில் எடை கூடிய கார்பன் அணுக்கள் சற்று மிகுதி. தாவரத்தை உண்ணும் பூச்சி வழியாக அவை பறவையின் உடலிலும் சேர்கின்றன. பீட்டர் மாராவும் அவர்தம் குழுவினரும் இவ்வடையாளத்தை ஆராய்ந்து, ஈரமான இடத்தில் தங்கிய பறவைகளே முந்தி வருகின்றன என்று 1998ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

2005ஆம் ஆண்டில் மற்றோர் ஆய்வு வெளிவந்தது. கண்டல் காட்டிலிருந்த வலிய பறவைகள் அப்புறப்படுத்தப்பட்டன. புதர்க்காட்டில் வாழ்ந்தவை அங்கே குடியேறின. அவ்வாறு குடியேறியவை எடை குன்றாமல் இருந்தன, முன்னதாகவே புறப்பட்டன, மறு குளிர்காலத்தில் மிகுதியாகத் திரும்பியும் வந்தன. எனவே, அவை மெலிந்தது பிறவிக் குறையால் அன்று. வாழ்ந்த இடத்தின் குறையால் என்பது தெளிவாயிற்று. நல்ல இடம் கிடைத்தால் எளிய உயிரும் ஓங்கும்.

ஜமைக்காவில் ஒரு கண்டல் காடு அழிந்தால், நெடுந்தொலைவிலுள்ள கனடாக் காட்டில் பறவையின் பாட்டு ஒலி குறையும். நம் நாட்டிலும் மாத்தாங், கோலசிலாங்கூர் ஆகிய இடங்களில் கண்டல் காடுகள் உள்ளன. வடக்கிலிருந்து வரும் பறவைகள் அங்கும் தங்கி இரை தேடுகின்றன. அவற்றை வெறும் சேற்று நிலம் என எண்ணாது காத்தல் நம் கடமையாகும்.