சிகாகோ மைக்கும் சென்னை வெயிலும்

அண்ணன் சிகாகோவிலிருந்து வாங்கி வந்த பழைய அஸ்டாட்டிக் ஜே.டி.-30 மைக்கில் மவுத் ஆர்கன் வாசித்தால் ஒலி ஈனமாகக் கேட்கிறது. திறந்து சுத்தம் செய்தால் சரியாகுமா?
– வாசகர், சென்னை

துடைப்பதெல்லாம் அப்புறம். முதலில் மைக்கை எதில் செருகினீர்கள்? மேடை மிக்ஸரின் சாதாரண மைக் இன்புட்டில் என்றால், நல்ல மைக்கும் கீழ்ச்சுருதியைத் தொலைத்துக் கீச்சிடும். 1 மெகாஓமுக்குக் குறையாத இன்புட் வேண்டும். கிதார் ஆம்ப்ளிஃபையரில் போட்டுப் பாருங்கள்.

அப்போதும் முனகினால், உள்ளிருக்கும் ரோஷெல் உப்புப் படிகம் போய்விட்டது. அதற்கு ஈரமும் ஆகாது, 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடும் ஆகாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மதியம் போதும், கதை முடிந்தது! கெட்ட படிகத்தைப் பழுதுபார்க்க முடியாது. பழைய ஷூர் 'கன்ட்ரோல்டு மேக்னடிக்' எலிமென்ட் கிடைத்தால் மாற்றிவிடுங்கள். நம் வெயிலுக்கு அதுதான் தாங்கும். ப்ளூஸ்காரர்கள் தேடும் கரகரப்பும் அதில் உண்டு.

வால்யூம் கன்ட்ரோல் இருந்தால் அதையும் மாற்றுங்கள்: படிகத்துக்கு 5 மெகாஓம், காந்த வகைக்கு 250 கிலோஓம் வழக்கம். எலிமென்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தில் காற்று கசியக் கூடாது. கசிந்தால் கைக்குள் பொத்தி வாசிக்கும்போது கனமே வராது. கூட்டில் மட்டும் புதிதாகத் துளை போடாதீர்கள். விற்கப் போனால் விலை இறங்கும்.