டர்போவைக் கழற்றுவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய ஸ்டாலியன் லாரி ஒன்று கம்பைநல்லூரில் உன் பட்டறைக்கு வந்திருப்பதாக எழுதியிருந்தாய். டர்போவில் ஆயில் அடிக்கிறது, வண்டிக்காரர் புது டர்போ மாட்டச் சொல்கிறார், மாட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வேண்டாம். பழைய டர்போவைக் கழற்றவும் வேண்டாம்.

ஸ்டாலியன் உனக்கு அந்நியமான வண்டி இல்லை. அசோக் லேலண்ட் தயாரிப்பு. ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையிலும் கட்டப்பட்டது. ஜப்பானின் ஹினோ வழிவந்த அதன் 6 சிலிண்டர் எஞ்சின் குடும்பம்தான் நம் ஊர் லாரிகளிலும் பஸ்களிலும் ஓடியது. 1980இல் ஓசூரில் லேலண்ட் ஆலை வந்ததிலிருந்து நம் பக்கம் இந்த வண்டிகளில் கை பழகியவர்கள் உண்டு. பச்சை பெயின்ட்டைப் பார்த்துத் தயங்காதே.

டர்போவுக்குள் ரப்பர் சீல் கிடையாது என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள். நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்று வரை போகக்கூடிய ஷாஃப்டில், ஒரு பக்கம் சைலன்சர் சூடும் இருக்கையில், ரப்பர் நிற்காது. இரு முனையிலும் பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய வளையங்கள் மட்டுமே. ஆயிலை வெளியே விடாமல் வைப்பது வீல்களின் பின்னால் நிற்கும் காற்றழுத்தமும், பேரிங்கை நனைத்த ஆயில் உடனே சேம்பருக்கு இறங்கிவிடுவதும்தான். திரும்பும் ஆயிலைத் தள்ள பம்ப் இல்லை. நுரையோடு தன் எடையால் இறங்குகிறது. வரும் குழாய் மெலிந்தும் திரும்பும் குழாய் பருத்தும் இருப்பது அதனால்தான். அந்தப் பருத்த குழாய் அடைத்தால் புத்தம்புது டர்போவும் ஆயில் தள்ளும்.

ஆகவே முதலில் டர்போவைச் சுற்றி மண்ணெண்ணெயால் கழுவித் துடை. காய்ந்ததும் முகப்பவுடரை லேசாகத் தூவி எஞ்சினை ஓடவிடு. ஈரம் எங்கே முதலில் தெரிகிறது என்று பார். மேலே ஆயில் வரும் இணைப்பில் என்றால் காப்பர் வாஷர் மாற்றுவதோடு வேலை முடிந்தது. கீழே ஃப்ளேஞ்சில் என்றால் பேக்கிங்கைப் பார். முன்பு யாராவது சிலிக்கான் பேஸ்ட் அப்பியிருந்தால் அது உள்ளே பிதுங்கிப் பாதையைக் குறுக்கியிருக்கும். நானாக இருந்தால் அந்த இடத்தில் பேஸ்ட்டே தொடமாட்டேன். குழாயைக் கழற்றி வளைவு வரை கரியைச் சுரண்டு.

அடுத்தது பிரீதர். வருஷக்கணக்கில் வெயிலில் நின்று ஏலத்துக்கு வந்த வண்டிகளில் நான் மிகவும் சந்தேகப்படுவது இதைத்தான். குளவி மண்கூடு கட்டியிருக்கும், அல்லது ஹோஸ் உள்ளே உரிந்து மூடியிருக்கும். போக வழியில்லாத காற்று சேம்பரில் அழுத்தமாக நின்று, இறங்க வேண்டிய ஆயிலைத் தடுக்கிறது. பிரீதரைச் சுத்தம் செய்த பிறகும் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா? அப்படியானால் நோய் பிஸ்டன் ரிங்கில். டர்போவுக்குச் செலவழிப்பது அந்த மனிதரின் பணத்தை வீணாக்குவது.

ஏர் கிளீனரையும் விடாதே. அது அடைத்திருந்தால் கம்ப்ரசர் வீல் காற்றோடு ஆயிலையும் உறிஞ்சும். புகைப்பக்கம் ஆயில் தெரிந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றி போர்ட்டுகளைப் பார். அங்கேயே ஈரம் இருந்தால் ஆயில் எஞ்சினிலிருந்து வருகிறது. டர்போ அதை வாங்கி வெளியே விடுகிறது, அவ்வளவுதான்.

இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் ஷாஃப்டைத் தொடு. பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு. ஆயில் படலத்துக்கான இடம் அது. முன்னும் பின்னும் கை உணரும்படி ஆடினாலோ, வீல் கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ போய்விட்டது. அப்போது தயங்காமல் மாற்று.

மாற்றினால் இன்டர்கூலர் இருக்கிற வண்டியில் அதற்குள் தேங்கிய ஆயிலை முழுக்க வடித்துவிடு. விட்டால் எஞ்சின் அதையே எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஏறும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்று வழியை அடைத்தால்தான் நிற்கும். அதற்கென்று தட்டையான பலகை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய். கையையோ துணியையோ காற்றுக் குழாயின் வாயில் வைக்காதே. இதை உன்னிடம் வேலை பழகும் பையனுக்கும் சொல்லிவிடு.

புது டர்போவில் முதலில் கொஞ்சம் ஆயில் ஊற்றிக் கையால் சுழற்று. டீசலை நிறுத்திவிட்டு, ஆயில் அழுத்தம் காட்டும் வரை செல்ஃப் அடி. பிறகே ஸ்டார்ட்.

டிரைவரிடமும் ஒரு வார்த்தை பேசு. சேலத்திலிருந்து லோடு ஏற்றித் தொப்பூர் ஏற்றம் ஏறி வந்த சூட்டோடு டீக்கடையில் டக்கென்று நிறுத்தினால், நின்றுபோன ஆயில் பேரிங்கில் கரியாகும். 2, 3 நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்தட்டும். அதற்காக அரை மணி நேரம் ஓடவிட்டுச் சாப்பிடப் போகவும் கூடாது. நீண்ட ஐடிலில் காற்றழுத்தம் குறைந்து, நல்ல டர்போவும் ஆயிலைக் கசியவிடும்.

திரும்பும் குழாயையும் பிரீதரையும் திறந்து என்ன பார்த்தாய் என்று எழுது. வண்டிக்காரரிடம் விலை பேசுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்