தோலும் தண்டும் வீணாகாத சமையல்: கொல்கத்தா வீடுகளின் முறை

கொல்கத்தாவின் வங்காளி வீடுகளில் ஒரு சுரைக்காய் வாங்கப்பட்டால், அதன் சதை இறாலோடோ பாசிப்பருப்போடோ சேர்ந்து ஒரு கறியாகவும், தோல் கருஞ்சீரகம் தாளித்த வறுவலாகவும், கொடியும் இளம் இலையும் கிடைத்திருந்தால் அவை தனிக் கீரைக்கறியாகவும், மூன்று வேறு உணவுகளாகத் தட்டுக்கு வருவது நெடுநாள் வழக்கமாகும். தோலைக் 'கோஷா' என்றும் தண்டை 'டாண்டா' என்றும் வழங்கும் வங்காளிகள் இவற்றைக் குப்பைக்கு உரியவையாகக் கருதுவதில்லை. பீர்க்கங்காய்த் தோல் துவையலும் வாழைக்காய்த் தோல் பொரியலும் அறிந்த தமிழ் வீடுகளுக்கு இக்கருத்து புதிதன்று. ஆயினும் தமிழ்ச் சமையலில் ஆங்காங்கே தென்படும் இவ்வழக்கம் வங்காளத்தில் தனக்கென வெட்டுமுறையும் தாளிப்பும் உணவு வரிசையில் ஓர் இடமும் பெற்று ஒரு முழு முறையாக வளர்ந்திருக்கிறது. அந்த முறையை வரிசையாகக் கைக்கொண்டால்தான் தோல் உண்ணத்தக்க கறியாகிறது. வரிசை தவறினால் அது நாரும் கசப்புமாகவே எஞ்சும்.

இம்முறையை வளர்த்தவர்களுள் முதலிடம் பெறத் தக்கவர்கள் வங்காளத்து இந்துக் கைம்பெண்களே ஆவர். மீன், வெங்காயம், பூண்டு, மைசூர்ப் பருப்பு ஆகிய அனைத்தும் அவர்களுக்கு விலக்கப்பட்டிருந்தன; ஏகாதசியன்று நீரும் அருந்தாத நோன்பு விதிக்கப்பட்டிருந்தது; நாளொன்றுக்கு ஒரு வேளை உணவே பலருக்கு வாய்த்தது. இத்தகைய கொடிய கட்டுப்பாட்டுக்குள் இருந்துகொண்டு தோல், தண்டு, பூ, கொடி ஆகியவற்றில் சுவை கண்ட அவர்களுடைய கைத்திறனே இன்று வங்காளச் சைவ உணவின் பெருமையாகப் பேசப்படுகிறது. தாகூர் குடும்பத்தைச் சேர்ந்த பிரக்ஞாசுந்தரி தேவி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே 'ஆமிஷ் ஓ நிராமிஷ் ஆஹார்' என்ற சமையல் நூலைத் தொகுத்தபோதிலும், இவ்வகை உணவுகளைக் கண்டறிந்த பெண்களுள் மிகப் பெரும்பாலோருடைய பெயர் எங்கும் பதிவாகவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

முதற்படி, வாங்கும் முறையைத் திருத்திக்கொள்வதாகும். கரியாஹாட், மானிக்தலா, லேக் மார்க்கெட் போன்ற சந்தைகளில் நாள்தோறும் காலையில் சிறிது சிறிதாக வாங்குவதே நகரத்தின் பழக்கம். கால் கிலோவைக் குறிக்கும் 'போயா' என்ற பழைய அளவு இன்றும் பேச்சில் உள்ளது. பரங்கிக்காயைக் கீற்றாகவும் மீனைத் துண்டாகவும் தருவதற்கு விற்பவர்கள் தயங்குவதில்லை. தோலையும் உண்ண விரும்புவோர்க்குச் சிறுகச் சிறுக வாங்கும் இவ்வழக்கம் இன்றியமையாதது. ஏனெனில் நான்கு நாள் கிடந்து வாடிய சுரைக்காயின் தோல் எவ்வளவு வெந்தாலும் மெல்லத்தக்கதாக ஆவதில்லை. நகம் எளிதில் இறங்கும் பிஞ்சுச் சுரைக்காய், விதை முற்றாத பர்வல் (வங்காளிகள் 'பொட்டோல்' என்று வழங்கும் இக்காய் கோவைக்காயை விடச் சற்றுப் பெரியது), வரம்பு கூர்மையாக இருந்தும் வளையக்கூடிய பீர்க்கங்காய், அடித்தண்டு பிளவுபடாத காலிஃப்ளவர் ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குளிர்காலத்தில் காலிஃப்ளவர்த் தண்டும் முள்ளங்கிக் கீரையும், கோடையில் பர்வல், பீர்க்கு, தண்டுக்கீரை ஆகியனவும் மலிவாகக் கிடைப்பதால், பருவத்தை ஒட்டி வாங்குவோர்க்குச் செலவு தானாகவே குறைகிறது.

இரண்டாம் படியான சோதனையும் கழுவுதலும் மற்ற எல்லாப் படிகளையும் விட மிகுந்த கவனத்துக்குரியவை. சுரைக்காயை நறுக்கியவுடன் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் தோலையும் சதையையும் ஒருசேர எறிந்துவிட வேண்டும். அந்தக் கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டாசின் என்னும் நச்சுப்பொருள் கடும் வாந்தியையும் குடலில் குருதிக்கசிவையும் உண்டாக்க வல்லது. சமைப்பதால் அது நீங்குவதில்லை. கசக்கும் சுரைச்சாற்றால் உயிரிழப்பும் நேர்ந்ததைத் தொடர்ந்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழுவும் இதையே வலியுறுத்தியது. பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்குத் தோலும் முளைவிட்ட இடமும் சோலனின் என்னும் நச்சைக் கொண்டிருப்பதால் அவற்றையும் சமையலில் சேர்த்தல் கூடாது. மெழுகு பூசிப் பளபளப்பாக்கப்பட்ட காய்கனிகளின் தோலையும் தவிர்ப்பதே நல்லது. சிக்கனம் கருதி இவற்றுள் எதையும் காப்பாற்ற முயலுதல் பெரும் பிழையாகும்.

கொல்கத்தாவுக்கே உரிய மற்றொரு செய்தியும் இங்கே கருதத்தக்கது. நகரின் கிழக்கே ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கும் ஈரநிலம், நகரக் கழிவுநீரை மீன்பண்ணைகளிலும் வயல்களிலும் பயன்படுத்தித் தூய்மையாக்கும் அரிய அமைப்பாகும். 2002இல் அது ராம்சர் உடன்படிக்கையின் கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதன் ஓரத்திலுள்ள தாபா பகுதியில் குப்பை மக்கிய நிலத்தில் விளையும் காய்கறிகளும் கீரைகளும் நகரச் சந்தைகளுக்கு வருகின்றன. நகரின் விலைவாசியைத் தாங்கும் பெருந்துணையாக அவ்விளைச்சல் இருந்தபோதிலும், கழிவுநீர் பாயும் நிலத்தின் கீரையைக் கழுவாமல் உண்பது தகாது. ஓடும் நீரில் விரலால் தேய்த்துக் கழுவி, உப்புக் கரைத்த நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, மீண்டும் இருமுறை அலச வேண்டும். இவ்வாறு செய்தால் மண்ணும் கிருமியும் பெரும்பகுதி நீங்கும். செடிக்குள் ஏறிவிட்ட கன உலோகங்களோ எவ்வளவு கழுவினாலும் நீங்குவதில்லை. ஆகவே ஒரே கீரையை ஒரே கடையில் நாள்தோறும் வாங்காமல், வகையையும் விற்பவரையும் மாற்றிக்கொண்டிருப்பது அறிவுடைமை.

மூன்றாம் படி வெட்டுதல். தமிழ் வீடுகளின் அரிவாள்மணையை ஒத்த 'பொண்டி' என்ற கருவியில் வங்காளப் பெண்கள் ஒவ்வொரு கறிக்கும் ஒவ்வொரு வடிவில் காய் நறுக்குவர். தோலைச் சமைக்க எண்ணினால் சீவுகருவியால் மெல்லியதாகச் சீவாமல், கத்தியால் சிறிது சதையும் ஒட்டிவரும்படி எடுக்க வேண்டும் என்பது இதில் தலையாய விதி. அப்போதுதான் தோல் காய்ந்து போகாமல் வேகும். பின்னர் அதைத் தீக்குச்சியளவு நீளமும் பருமனும் உடைய கீற்றுகளாக நறுக்க வேண்டும். காலிஃப்ளவர்த் தண்டின் வெளிநாரை உரித்துவிட்டு விரல்நீளத் துண்டுகளாக்க வேண்டும். வாழைக்காய்த் தோலை நறுக்கியவுடன் மஞ்சள் கலந்த நீரிலிட்டால் அது கருப்பது குறையும். அன்றே சமைக்க இயலாத தோல்களை ஈரம் துடைத்து, மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியில் ஒரு நாள் வைத்திருக்கலாம்.

நான்காம் படியாக, புதிதாகத் தொடங்குவோர்க்கு மிக எளிதான சுரைக்காய்த் தோல் வறுவலைச் செய்து பழகலாம். நடுத்தரச் சுரைக்காய் ஒன்றின் தோல், சிறிய உருளைக்கிழங்கு ஒன்று, கருஞ்சீரகம் அரைத் தேக்கரண்டி, கீறிய பச்சை மிளகாய் இரண்டு, கசகசா ஒரு மேசைக்கரண்டி, கடுகெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி ஆகியன நால்வருக்குப் போதும். எண்ணெய் லேசாகப் புகைந்து நிறம் வெளுக்கும்வரை காய்ச்சித் தீயைத் தணித்தால் அதன் காரநெடி அடங்கும். அதில் கருஞ்சீரகமும் மிளகாயும் பொரிந்ததும் தோலையும் உருளைக்கிழங்கையும் சேர்த்து, உப்பும் மஞ்சளும் இட்டு, நீர் ஊற்றாமல் மூடிச் சிறுதீயில் பத்து நிமிடம் வேகவிட வேண்டும். தோல் தன் ஈரத்திலேயே மென்மையாகும். பின்பு மூடியைத் திறந்து, கசகசாவையும் ஒரு சிட்டிகை சர்க்கரையையும் தூவி, ஓரங்கள் மொறுமொறுப்பாகும்வரை கிளற வேண்டும். வங்காளத்தில் 'போஸ்தோ' எனப்படும் கசகசா இக்காலத்தில் விலை மிகுந்ததாகிவிட்டமையால், வெள்ளை எள்ளை இட்டாலும் குறையில்லை.

ஐந்தாம் படி 'பாட்டா', அதாவது அரைத்துச் செய்யும் வகை. வாழைக்காய்த் தோலையோ பர்வல் தோலையோ உப்பும் மஞ்சளும் சேர்த்துக் குழைய வேகவைத்து, நீரை வடித்து, பச்சை மிளகாயோடும் விரும்பினால் இரண்டு பல் பூண்டோடும் அரைக்க வேண்டும். இதுவரை தமிழ்த் துவையலைப் போன்றதே. அரைத்த விழுதை மறுபடி கடுகெண்ணெயில் கருஞ்சீரகம் தாளித்து, வாணலியில் ஒட்டாமல் திரளும்வரை சுருள வதக்குவதில்தான் வங்காள முறை வேறுபடுகிறது. இந்த வதக்கல் தோலின் துவர்ப்பைப் போக்கிவிடுகிறது. சூடான சோற்றில் முதல் கவளத்துக்கு இதுவே போதுமானது.

ஆறாம் படியான 'சொச்சொரி' இம்முறையின் உச்சம் எனலாம். வீட்டில் எஞ்சிய தண்டு, தோல், கீரைக்காம்பு, பரங்கிக்கீற்று, பாதிக் கத்தரிக்காய் ஆகிய எல்லாம் ஒன்றுகூடும் கலவைக் கறி அது. அதற்குரிய தாளிப்பு 'பாஞ்ச் ஃபோரோன்' எனப்படும் ஐந்து விதைக் கலவையாகும்: சீரகம், சோம்பு, வெந்தயம், கருஞ்சீரகம், ஓமத்தை ஒத்த தோற்றமுடைய 'ராந்துனி' ஆகியவற்றைப் பொடிக்காமல் சம அளவில் கலந்து வைத்துக்கொள்வர், ராந்துனி கிடைக்காத இடங்களில் கடுகு சேர்ப்பதுண்டு. இக்கறியின் சுவை வேகும் வரிசையைப் பொறுத்தது. காலிஃப்ளவர்த் தண்டும் முற்றிய கீரைத்தண்டும் முதலில் இறங்க வேண்டும். அவை பாதி வெந்தபின் உருளையும் பரங்கியும், அதன்பின் கத்தரிக்காய், கடைசியில் இலைகள். நீர் தெளிக்கும் அளவே போதும். அடிக்கடி கிளறினால் காய்கள் குழைந்துவிடுமாதலால், அடியில் சற்றே பிடிக்கும்வரை விட்டு, அரைத்த கடுகைக் கலந்து இறக்க வேண்டும். மீன் உண்ணும் குடும்பங்கள் பொரித்த மீன்தலையையும் முள்ளையும் இதனுடன் சேர்த்து, மீனிலும் எதையும் வீணாக்காமல் பார்த்துக்கொள்கின்றன.

ஏழாம் படி சோற்றைப் பற்றியது. வடித்த கஞ்சியை வங்காளத்தில் 'ஃபேன்' என்பர். 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஊர்ப்புறங்களிலிருந்து கொல்கத்தாத் தெருக்களுக்கு வந்து சேர்ந்த மக்கள், சோறு கேட்டால் கிடைக்காது என்று உணர்ந்து, வீட்டு வாசல்தோறும் இந்தக் கஞ்சியையே இரந்து நின்றனர். அப்பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் மாண்டதாகப் பரவலாக மதிப்பிடப்படுகிறது. ஜைனுல் ஆபிதீன், சித்தப்பிரசாத் ஆகிய ஓவியர்கள் அத்துயரத்தைக் கோட்டோவியங்களாகப் பதிந்து வைத்தனர். அந்நகரில் கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றுவது இன்றும் பல முதியவர்களுக்கு மனம் ஒப்பாத செயல். கஞ்சியைப் பருப்பு வேகவைக்கவும் கீரைக்கறியைக் கெட்டிப்படுத்தவும் உப்பிட்டுப் பருகவும் பயன்படுத்தலாம்.

மிஞ்சிய சோற்றில் நீரூற்றி வைக்கும் 'பாந்தா பாத்' தமிழரின் பழைய சோறேயாகும். இரவுச் சோறு ஆறியவுடன் தாமதமின்றிச் சுத்தமான நீர் ஊற்றி மூடி, குளிர்ந்த இடத்தில் வைத்து, மறுநாள் காலையிலேயே உண்டுவிட வேண்டும். கொல்கத்தாவின் கோடைப் புழுக்கத்தில் அதற்கு மேல் வைத்தால் கேடு விளைக்கும் கிருமிகள் பெருகும். மாறிய நெடியோ பிசுபிசுப்போ தென்பட்டால் கொட்டிவிடுதலே முறை. உப்பு, பச்சை மிளகாய், சிறிது கடுகெண்ணெய், மேலே கூறிய தோல் வறுவல் ஆகியவற்றோடு உண்ணும் இவ்வுணவுக்குச் சமயச் சடங்கிலும் இடமுண்டு. பாத்ர மாத முடிவில், செப்டம்பர் நடுவில் வரும் 'அரந்தன்' நாளில் அடுப்பு மூட்டாமல் முந்தின இரவு சமைத்தவற்றையே உண்பர். சரசுவதி பூசைக்கு மறுநாள், தோல் நீக்காத சிறு உருளையும் பிஞ்சுக் கத்தரியும் பட்டாணிக்காயும் முழுமுழுதாக வேகவைத்த 'கோட்டா சேத்தோ'வை ஆறிய நிலையில் உண்ணும் வழக்கமும் உண்டு.

உணவு வரிசையையும் மறத்தலாகாது. வங்காளத்து மதிய உணவு கசப்பில் தொடங்கி, பருப்பும் வறுவலும் காய்கறியும் மீனும் கடந்து இனிப்பில் முடிவது. தோல் வறுவல் பருப்போடு வர வேண்டும். சொச்சொரி அதற்கு அடுத்து. நார்ச்சத்து மிகுந்த இவ்விரண்டும் முதலிலேயே வயிற்றுக்குச் செல்வதால் அடுத்து வருபவற்றின் அளவு இயல்பாகக் குறைகிறது. ஆயினும் செரிமானக் கோளாறு உடையோர்க்கும் சிறு குழந்தைகளுக்கும் நன்கு வெந்த பாட்டாவே பொருந்தும்.

தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழும் லேக் மார்க்கெட் பகுதியினரும், கொல்கத்தாவைக் காணாத தமிழ்நாட்டு வாசகர்களும் முதல் வாரத்தில் ஒரு சுரைக்காயோடு நிறுத்திக்கொள்ளலாம். தோல் வறுவல் கைப்பழக்கமான பிறகு வாழைக்காய்த் தோலுக்கும், அதன்பின் சொச்சொரிக்கும் செல்லலாம். வீட்டில் இவ்வகைச் சமையல் அறிந்த முதிய பெண்கள் இருப்பின், அவர்கள் சொல்லும் அளவுகளையும் பக்குவத்தையும் சொன்னவர் பெயரோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளுமாறு வாசகர்கள் வேண்டிக்கொள்ளப்படுகிறார்கள்.