பக்கத்துக் கட்டிலும் நம் கட்டிலும்

சுங்கை ஆயர் தாவார் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ஒருவர் நோயுற்று, கிளினிக் மருந்தில் குணமாகவில்லையெனில், அவர் பெரும்பாலும் சாபாக் பெர்ணம் தெங்கு அம்புவான் ஜெமாஆ மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். தெற்கே வசிப்போர் தஞ்சோங் காராங் மருத்துவமனையை நாடுவர். அங்கே நம்மில் பெரும்பாலோர்க்குக் கிடைப்பது பொது வார்டு. வலப்புறம் ஒரு கட்டில், இடப்புறம் ஒரு கட்டில், இடையே ஒரு திரைச்சீலை.

படுத்தவுடன் இரண்டு அச்சங்கள் நம் மனத்தில் எழுகின்றன. பக்கத்திலிருப்பவர் நோய் நம்மைத் தொற்றிக் கொள்ளுமோ என்பது ஒன்று. நம் நோய் இன்னதென்று பக்கத்திலிருப்பவர் தெரிந்துகொண்டு, நாம் வீடு திரும்புமுன்பே செய்தி பிரட்டுக்களத்தை எட்டிவிடுமோ என்பது மற்றொன்று. பிறர் நோயை அறிய விரும்பும் நாமே நம் நோயை மறைக்கவும் விரும்புகிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனினும், எந்த அச்சத்திற்குக் காரணம் உண்டு, எதற்கு இல்லை என்று பிரித்தறிதல் நலம்.

முதலில் தொற்றைப் பார்ப்போம். எல்லா நோயும் ஒரே வழியில் பரவுவதில்லை. காசநோய், சின்னம்மை, தட்டம்மை ஆகியவை காற்றின் வழியே பரவுவன. தட்டம்மைக் கிருமி, நோயாளி அறையை விட்டுச் சென்ற பின்னும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் தங்கியிருக்கக் கூடும். ஆகவே இந்நோய்கள் இருப்பதாக ஐயம் எழுந்தால், நோயாளியைத் தனியறையில் வைப்பதே மருத்துவமனைகளின் முறை. வயிற்றுப்போக்கும் சீழ்ப்புண் கிருமிகளும் பெரும்பாலும் கைகளால் பரவுவன. கட்டில் கம்பி, கழிப்பறைக் கதவு, குழாய்த் திருகு ஆகியவை அவற்றின் பாதைகள்.

பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பதால் மட்டும் ஒட்டாத நோய்களும் பல உண்டு. எச்.ஐ.வி. கிருமியும் மஞ்சள்காமாலை 'பி' வகையும் இரத்தத்தாலும் உடலுறவாலும், தாயிடமிருந்து சேய்க்கும் பரவுகின்றன. ஒரே வார்டில் உறங்குவதாலும், ஒரே தட்டில் உண்பதாலும் அவை பரவா. எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த நீராலும் சேற்றாலும் வருவது. டிங்கிக் காய்ச்சல் கொசுவால் வருவது. பால் கிண்ணங்களில் மழைநீர் தேங்கும் காட்டில் வேலை செய்யும் நமக்கு அக்கொசு பழக்கமானதுதான். டிங்கி நோயாளியைக் கண்டு விலகி ஓடுவதால் பயனில்லை. அவரைக் கடித்த கொசு நம்மையும் கடிக்காமல் பார்த்துக்கொள்வதே தேவை.

கைகளைப் பற்றி ஒரு பழைய செய்தி. வியன்னா நகரின் பிரசவ வார்டு ஒன்றில், 1847 ஏப்ரலில் நூறு தாய்மாரில் பதினெட்டுப் பேர் காய்ச்சலால் மாண்டனர். பிணப் பரிசோதனை அறையிலிருந்து நேரே வரும் மருத்துவர்களின் கைகளே காரணம் என்று செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் கண்டு, குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார். ஜூன் மாதத்தில் அது நூற்றுக்கு இரண்டளவாகக் குறைந்தது. மருத்துவர்களின் கைகளே நோயைச் சுமந்தன என்றால், கட்டிலுக்குக் கட்டில் சென்று நலம் விசாரிக்கும் உறவினர் கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பார்க்க வருவோர் பிற நோயாளிகளின் கட்டிலில் அமர்தலாகாது. வரும்போதும் போகும்போதும் கை கழுவுதல் வேண்டும். வயிற்றுப்போக்கு நோயாளி இருக்கும் வார்டில் கையில் தேய்க்கும் மருந்து நீர் மட்டும் போதாது. சவர்க்காரமும் தண்ணீருமே ஏற்றவை.

நம் மக்களை மிகவும் அஞ்ச வைப்பது காசநோயே. "அந்த வீட்டில் சயரோகம்" என்று ஒரு சொல் புறப்பட்டால், லயத்தில் அவ்வீட்டுப் பிள்ளைகளோடு பிற பிள்ளைகளை விளையாட விடாத காலம் ஒன்று இருந்தது. இன்றும் அது முற்றாக மறைந்துவிட்டதாகக் கூற இயலாது. இந்த அச்சத்தைச் சோதித்துப் பார்த்தவர்கள் தமிழ்நாட்டு ஏழை மக்களே என்பது பலருக்குத் தெரியாது. 1956-ஆம் ஆண்டு சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. மருத்துவர் வாலஸ் பாக்ஸ் அதற்குத் தலைமை வகித்தார். நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த நோயாளிகளில் ஒரு பகுதியினரை நல்ல உணவும் ஓய்வும் காற்றோட்டமும் உள்ள சானடோரியத்தில் வைத்தனர். மற்றோரை அவரவர் வீட்டிலேயே வைத்து, அதே மருந்தை ஓராண்டு கொடுத்தனர். 1959-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தோரும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர். அதைவிட வியப்பானது வேறொன்று. வீட்டில் மருந்துண்டவர்களின் குடும்பத்தாரை ஐந்தாண்டுகள் கவனித்தும், சானடோரியம் சென்றவர்களின் குடும்பத்தாரைவிட அவர்களுக்கு அதிகமாக நோய் வரவில்லை. குடும்பத்தாருக்கு ஆபத்து பெரிதும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே நேர்ந்துவிடுகிறது என்பது இதனால் புலனாயிற்று. உலகெங்கும் காசநோயாளிகளை ஆண்டுக்கணக்கில் அடைத்து வைக்கும் வழக்கம் தளர இவ்வாய்வு பெருங்காரணமாயிற்று.

இதிலிருந்து நாம் அறிவது யாது? மருந்துண்ணத் தொடங்கிய காசநோயாளியைவிட, இருமலை மறைத்துக்கொண்டு திரியும் நோயாளியே நமக்கு அதிக ஆபத்தானவர். தகுந்த மருந்து தொடங்கிய இரண்டு வாரங்கள் அளவில் தொற்றும் தன்மை பெரிதும் குறைந்துவிடுகிறது. மருந்துக்கு அடங்காத கிருமியாயின் இக்கணக்குப் பொருந்தாது. ஆறு மாத மருந்தையோ முழுதாக உண்டே தீர வேண்டும்.

அப்படியானால் ஒருவர் ஏன் மறைக்கிறார்? தோட்டம் முழுதும் தெரிந்துவிடும் என்பதால்தான். ஆகவே நோயாளியின் இரகசியத்தைக் காப்பது அவருக்குச் செய்யும் சலுகை மட்டுமன்று. அது நம் எல்லோரையும் தொற்றிலிருந்து காக்கும் ஏற்பாடுமாகும். நம் மாநிலத்திலேயே சுங்கை பூலோவில் 1930-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பை எண்ணிப் பார்க்கலாம். அங்கு வழங்குவதற்கென்றே தனிப் பணத்தாள்கள்கூட அச்சடிக்கப்பட்டன. பிரித்து வைக்கப்படும் நோய் என்றால், அதை ஒளிக்கத் தோன்றுவது மனித இயல்பு.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, காசநோய் போன்றவற்றை மருத்துவர் சுகாதார அலுவலகத்திற்கு அறிவித்தாக வேண்டும். குடும்பத்தாரைப் பரிசோதிக்க அலுவலர் வருவது அதனால்தான். அவ்வறிவிப்பு சுகாதார அலுவலகத்திற்கு உரியது. பக்கத்துக் கட்டிலுக்கும் தோட்டக் கடைக்கும் உரியதன்று. நோயாளியின் இரகசியம் காத்தல் மருத்துவரின் கடமை என்பதை மலேசிய மருத்துவ மன்றமும் வலியுறுத்துகிறது.

வார்டில் இரகசியம் கசியும் வழிகளில் நாம் மிகக் கவலைப்படுவது மொழிபெயர்ப்பைப் பற்றியே. மலாய்மொழி சரளமாக வராத மூதாட்டி ஒருவரிடம் மருத்துவர் பேச வேண்டியிருக்கிறது. அவசரத்தில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரையே, "நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்டுவிடுகின்றனர். அவரும் நல்லெண்ணத்தோடுதான் உதவுகிறார். ஆனால் மாதவிலக்கைப் பற்றியும், மலச்சிக்கலைப் பற்றியும், பிள்ளைப்பேற்றைப் பற்றியும் அறிமுகமற்ற ஒருவர் வாயிலாகப் பதில் கூற எத்தனை பெண்கள் துணிவர்? பாதியை விழுங்கிவிடுவர். விழுங்கிய பாதியில்தான் நோய் இருக்கும். இத்தகைய வேளையில், தமிழ் அறிந்த தாதியரையோ மருத்துவ உதவியாளரையோ கேட்கலாம். தம் மகளோ மருமகளோ வரும் நேரத்தைக் கூறிக் காத்திருக்குமாறு வேண்டலாம். நிலைமை அவசரமாயின் கிடைத்தவரைக் கொண்டு பேசத்தான் வேண்டும்.

திரைச்சீலை கண்ணை மறைக்குமேயன்றிக் காதை மறைக்காது. தனியே பேச விரும்பினால், "போலே சாக்காப் டி தெம்பாட் லாயின்?" என்று பணிவாகக் கேட்கலாம், வேறிடத்தில் பேசலாமா என்பது இதன் பொருள். உடலைப் பரிசோதிக்கும்போது திரை திறந்திருந்தால், "தோலோங் தாரிக் லாங்சீர்" என்றால் போதும். இவற்றைக் கேட்பதால் எவரும் சினங்கொள்ளமாட்டார். கைத்தொலைபேசியில் நம் பாட்டியைப் படமெடுக்கும்போது பின்னால் படுத்திருப்பவரும், கட்டிலில் தொங்கும் அவர் பெயரும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

சரி, பக்கத்திலிருப்பவர் ஓயாமல் இருமுகிறார். நமக்கு அச்சமாக இருக்கிறது. "அவருக்கு என்ன நோய்?" என்று தாதியைக் கேட்டால், அவர் சொல்லமாட்டார்; சொல்லவும் கூடாது. அதற்குப் பதில், "அவர் பக்கத்தில் இருப்பதால் நான் செய்ய வேண்டியது ஏதேனும் உண்டா, மிஸ்ஸி?" என்று கேட்டுப் பாருங்கள். முகக்கவசம் அணிய வேண்டுமா, கட்டிலை மாற்ற வேண்டுமா, சன்னலைத் திறந்து வைக்கலாமா என்பதற்கெல்லாம் விடை கிடைக்கும். நமக்குக் கருப்பமோ, நீரிழிவோ, கைக்குழந்தையோ இருந்தால் அதையும் அப்போதே கூற வேண்டும், ஏனெனில் கட்டில் மாற்றித் தருவதில் அது கணக்கில் கொள்ளப்படும்.

பார்க்க வந்த அண்டை வீட்டுக்காரர் நம்மிடமே, "என்ன நோயாம், தங்கச்சி?" என்று கேட்பதும் உண்டு. "டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார், அக்கா. சாப்பிட்டீர்களா?" என்பது போதுமான பதில்.