புலி மேல் வந்த பிரியா
(ஒரு சித்திரக்கதை நாயகியின் வரலாறு)

முன்னுரை



இந்த மாதச் சுவர் இதழுக்கு "எனக்குப் பிடித்த கதாபாத்திரம்" என்று தமிழம்மா தலைப்பு கொடுத்தார்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தெனாலிராமன், மீதிப் பேர் ஸ்பைடர்மேன். நான் எழுதப்போவது பிரியா என்ற பெண்ணைப் பற்றி. அவள் ஒரு காமிக்ஸ் நாயகி. குதிரை, கார் எல்லாம் கிடையாது. புலி மேல் ஏறி வருவாள். நம் பள்ளியில் கேட்டுப் பார்த்தேன், ஒருத்தருக்கும் அவளைத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கல்லூரியில் படிக்கும் என் பெரியம்மா மகள் தன் செல்போனில் இந்தப் புத்தகத்தை இறக்கி வைத்திருந்தாள். இலவசமாகவே கிடைக்கிறது. இங்கிலீஷில் இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரெண்டு பேரும் படித்தோம். ஒரு பக்கம் படிக்க அரை மணி நேரம் ஆச்சு. ஆனாலும் விடவில்லை.

மந்திரம் போடும் நாயகிகள்

பிரியாவுக்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை. எங்க அப்பா சின்ன வயதில் படித்த காமிக்ஸ் புத்தகங்களை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். எல்லாம் சிவகாசியிலிருந்து வந்தவை. 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் கதை இரும்புக்கை மாயாவி. 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸின் முதல் இதழிலேயே ஒரு பெண்தான் நாயகி. அவள் பெயர் மாடஸ்டி பிளைசி. துப்பாக்கி, மூளை இரண்டும் உண்டு. மந்திரம் மட்டும் தெரியாது. மந்திரம் தெரிந்தவர் மாண்ட்ரேக். அவர் ஆம்பளை.

அமெரிக்காவில் மந்திரம் போடும் பெண்களும் காமிக்ஸில் இருக்கிறார்கள். 1941-ல் வொண்டர் வுமன் வந்தாள். அவள் கையில் உள்ள கயிற்றால் கட்டினால் யாராக இருந்தாலும் உண்மையைச் சொல்லித்தான் ஆகணும். 1964-ல் ஜடான்னா வந்தாள். இவள் எந்த வார்த்தையையும் பின்னாலிருந்து திருப்பிச் சொன்னால் அது நடந்துவிடும். "கதவு திற" என்பதை "றதி வுதக" என்பாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு திறந்துவிடும்! இதைச் சொன்னதும் எங்கள் வகுப்பில் ஒரு மத்தியானம் முழுக்க எல்லோரும் தலைகீழாகப் பேசினோம். கணக்கு வாத்தியார் வந்த பிறகுதான் நிறுத்தினோம்.

இதில் எனக்கு ஒன்று தோன்றியது. ஜடான்னாவின் மந்திரம் அவள் வாயில்தான் இருக்கிறது. வாயை மூடிவிட்டால் அவளால் ஒன்றும் செய்ய முடியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிரியாவிடம் வரும்போது தேவைப்படும்.

பிரியா பிறந்த விதம்

2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமை எல்லோருக்கும் தெரியும். அவர் இறந்துபோனார். நாடு முழுவதும் மக்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். அப்போது டெல்லியில் இருந்த ராம் தேவினேனி என்பவரும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார். அவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்கத் திரைப்படக்காரர். அங்கே ஒரு போலீஸ்காரரிடம் பேசினாராம். நல்ல பொண்ணு ராத்திரியில் தனியாகப் போகமாட்டாள் என்கிற மாதிரி அவர் சொன்னாராம். அதைக் கேட்டதும், சட்டம் மட்டும் போதாது, மனசும் மாறணும் என்று தேவினேனிக்குத் தோன்றியது. மனசை மாற்ற என்ன வழி? கதை.

அப்படித்தான் "பிரியாஸ் சக்தி" என்ற காமிக்ஸ் 2014-ல் வெளிவந்தது. படம் வரைந்தவர் டான் கோல்ட்மேன்.

பிரியாவின் கதை

பிரியா ஒரு கிராமத்துப் பெண். பார்வதி தேவியின் பக்தை. அவளுக்கு டீச்சராக ஆசை. ஆனால் அவள் அப்பா, வீட்டு வேலையைப் பார் என்று படிப்பை நிறுத்திவிடுகிறார். வளர்ந்த பிறகு ஒரு நாள் சில ஆட்கள் அவளுக்குப் பெரிய கொடுமை செய்துவிடுகிறார்கள். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்து சொல்கிறாள். வீட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? அவளையே திட்டி வெளியே துரத்திவிட்டார்கள். தப்பு செய்தவர்கள் ஊருக்குள்ளேயே இருக்கிறார்கள். அவள் காட்டுக்குப் போகிறாள். எனக்கு இந்தப் பக்கத்தில்தான் கோபம் வந்தது.

காட்டில் ஒரு புலி அவளைத் துரத்துகிறது. கைலாயத்தில் பார்வதிக்கு விஷயம் தெரிகிறது. சிவபெருமானுக்குக் கோபம் வந்து, இனிமேல் மனிதருக்குக் குழந்தையே பிறக்காது என்று சாபம் கொடுத்துவிடுகிறார். தேவர்களுக்குள்ளேயே சண்டை வருகிறது. ஆனால் சாபத்தால் பிரியாவுக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. பார்வதிதான் அவளிடம் வந்து தைரியம் கொடுக்கிறாள்.

பிரியா ஓடுவதை நிறுத்துகிறாள். திரும்பி நின்று புலியைப் பார்க்கிறாள். அவள் பயம் அவளுடைய பலமாக மாறுகிறது. துரத்திய புலியே அவளுக்கு வாகனமாகிறது. அதன் பெயர் சாகஸ். இந்தியில் அதற்குத் துணிச்சல் என்று அர்த்தம். நாம் "சாகசம்" என்கிறோமே, அதே சொல்தான்.

புலி மேல் ஏறித் தன் கிராமத்துக்கே திரும்புகிறாள். அங்கே யாரையும் வெட்டவில்லை, எரிக்கவில்லை. பேசுகிறாள். நடந்ததைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம், சொல்பவளோடு கூட நில்லுங்கள், பெண் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்கிறாள். அவளுடைய மந்திரம் இவ்வளவுதான்.

முதலில் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு பெரிய புலியை வைத்துக்கொண்டு பேசிவிட்டுப் போகிறாளே என்று நினைத்தேன். தமிழம்மாவிடம் கேட்டேன். பெரியோர் ஆணையாகச் சொல்லும் சொல்லைத்தான் தொல்காப்பியத்தில் மந்திரம் என்று சொல்லியிருக்கிறது என்றார்கள். நம் பூம்புகார் கண்ணகியும் மதுரை எரிவதற்கு முன்னால் அரண்மனைக்குப் போய் அரசனிடம் நேருக்கு நேர் வாய் திறந்து கேட்டாள். அந்தப் பேச்சிலேயே பாண்டியன் விழுந்துவிட்டான். நெருப்பு அதற்கப்புறம்தான். ஜடான்னாவை ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா? மூன்று பேருக்கும் மந்திரம் வாயில்தான்.

பிரியாவின் அடுத்த கதைகள்

இரண்டாவது கதை "பிரியாஸ் மிர்ரர்", 2016-ல் வந்தது. மிர்ரர் என்றால் கண்ணாடி. ஆசிட் வீச்சுக்கு ஆளான பெண்களை அகங்கார் என்ற அசுரன் தன் கோட்டையில் வைத்திருக்கிறான். அவர்கள் வெளியே வரவே பயப்படுகிறார்கள். பிரியா ஒரு கண்ணாடியைக் காட்டுகிறாள். அதில் தழும்பைத் தாண்டித் தங்களையே அவர்கள் பார்க்கிறார்கள். உண்மையிலேயே அப்படிப் பாதிக்கப்பட்ட பெண்களிடம் பேசித்தான் இந்தக் கதையை எழுதினார்கள்.

மூன்றாவது 2019-ல் வந்தது. பெண் பிள்ளைகளை ஏமாற்றிக் கடத்திக்கொண்டு போகிற ராகு என்ற அசுரனோடு சண்டை. கடத்தப்பட்டவர்களில் பிரியாவின் தங்கையும் ஒருத்தி. மீட்டுக்கொண்டு வந்தால் ஊர்க்காரர்கள் அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள யோசிக்கிறார்கள். அசுரனை விட இதுதான் கஷ்டமான சண்டை.

நான்காவது "பிரியாஸ் மாஸ்க்", 2020-ல் கொரோனா காலத்தில் வந்தது. மீனா என்ற சின்னப் பெண்ணின் அம்மா ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார். அம்மா வீட்டுக்கு வரவில்லையே என்று மீனாவுக்கு வருத்தம். பிரியா அவளைச் சாகஸ் மேல் ஏற்றிக்கொண்டு போய் அம்மாவின் வேலையைக் காட்டுகிறாள். இதில் பிரியாவோடு பாகிஸ்தான் நாட்டு நாயகி புர்கா அவெஞ்சரும் சேர்ந்துகொள்கிறாள். 2013-ல் அங்கே டிவி கார்ட்டூனில் வந்தவள் அவள். உண்மையில் ஜியா என்ற பள்ளிக்கூட டீச்சர். அவளுடைய ஆயுதம் என்ன தெரியுமா? புத்தகமும் பேனாவும்! பிரியா ஆக நினைத்து ஆக முடியாமல் போன டீச்சர் வேலை ஜியாவுக்குக் கிடைத்திருக்கிறது. ரெண்டு பேரும் ஒரே பக்கத்தில் நிற்கும் படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எனக்கு நடந்தது

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

நான் தினமும் வாய்க்கால் கரை வழியாகச் சைக்கிளில் வருவேன். போன சம்பா நடவு சமயத்தில் மதகுக் கட்டையில் ரெண்டு மூன்று பேர் உட்கார ஆரம்பித்தார்கள். நான் வந்தால் குறுக்கே நிற்பது, பெயர் கேட்பது, கண்டபடி பேசுவது. நான் பதில் சொல்லாமல் வந்துவிடுவேன். ஒரு நாள் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினார்கள். அப்புறம் நான் வழியை மாற்றி ரோட்டைச் சுற்றிக்கொண்டு வந்தேன். பிரேயருக்குத் தினமும் லேட். ஏன் லேட் என்று கேட்டால் பஞ்சர் என்பேன். ஒரு சைக்கிளுக்கு எத்தனை பஞ்சர்தான் ஆகும்?

வீட்டில் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு அக்கா இப்படித்தான் வீட்டில் போய்ச் சொன்னாள். "ஊர் வாய்க்கு யார் பதில் சொல்றது" என்று அவள் படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். பரீட்சை கூட எழுதவில்லை. மதகில் உட்கார்ந்தவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதைப் பார்த்த பிறகு யாருக்குத்தான் சொல்லத் தோன்றும்?

பிரியா கதையைப் படித்து முடித்த அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். அம்மா முதலில் கேட்டது, "நீ ஏன்டி அந்த வழியா போன?" எனக்கு அழுகை வந்துவிட்டது. "அம்மா, இதையேதான் பிரியா வீட்லயும் கேட்டாங்க" என்றேன். எந்தப் பிரியா என்று அம்மாவுக்குப் புரியவில்லை. கதை முழுவதையும் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் என் தலையைத் தடவி, "படிப்பை நிறுத்த மாட்டோம், தூங்கு" என்றார்கள்.

திண்ணையில் படுத்திருந்த அப்பாயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. மறுநாள் காலையில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு, மதகுக்குப் பக்கத்திலேயே புல்லறுக்கப் போய்விட்டது. நான் பழைய வழியில் வந்தேன். அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாயி நிமிர்ந்து, "ஏண்டா தம்பி, நீ யார் வூட்டுப் புள்ள? ஒங்க அப்பன் பேரு என்ன?" என்று சத்தமாகக் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. பத்து நாள் அப்பாயி அங்கேதான் புல்லறுத்தது. மூன்றாம் நாளே மதகுக் கட்டை காலி.

எங்க அப்பாயிக்குப் புலி கிடையாது. ஒரு ஆடுதான். ஆனால் அதுவும் வாயைத்தான் திறந்தது.

தெரிந்துகொள்ளுங்கள்

1. 2012-ல் போக்சோ சட்டம் வந்தது. 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாப்பு தரும் சட்டம். பையன்களுக்கும் சேர்த்துத்தான்.
2. பிள்ளைகளுக்கு எந்த ஆபத்து என்றாலும் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு கிடையாது. ராத்திரியும் எடுப்பார்கள்.
3. பெண்களுக்கான உதவி எண் 181.

முடிவுரை

பிரியா புத்தகத்தில் மட்டும் இல்லை. மும்பையில் தாராவியில் சுவர்களிலும் அவளைப் பெரிய ஓவியமாக வரைந்தார்கள். நம் தமிழ் மக்கள் நிறையப் பேர் வாழும் இடம் அது. செல்போனை அந்தப் படத்துக்கு நேராகப் பிடித்தால் கதை அசைந்து ஓடும்படி செய்திருந்தார்கள். நம் சுவர் இதழில் அந்த வசதி கிடையாது. படிப்பவர்கள் நின்று படித்தால்தான் உண்டு.

கடைசியாக ஒன்று. நம் கதைகளில் மந்திரம் என்றால் எதிரியைக் கல்லாக்குவது, சாம்பலாக்குவது. பிரியாவின் கதையில் மாற வேண்டியது எதிரி மட்டும் இல்லை, "நீ ஏன் போன" என்று கேட்கும் நாம் எல்லோரும்தான். அதனால் ஒரு பிள்ளை உங்களிடம் வந்து ஏதாவது சொன்னால், தோழர்களே, நீங்களும்தான், அந்தக் கேள்வியை மட்டும் கேட்காதீர்கள்.

எங்கள் தெரு அக்காவிடமும் பிரியா கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "தனித்தேர்வு எழுத பாரம் எங்க கிடைக்கும்னு ஒங்க டீச்சர்கிட்ட கேட்டுச் சொல்றியா?" என்றாள். ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த விவரத்தை எனக்குச் சொல்லும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பெயர் போடலாமா என்று தோழி கேட்டாள். என் கோழிக் கிறுக்கல் கையெழுத்து இந்தப் பள்ளிக்கூடத்துக்கே தெரியும். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
குடவாசல்.