யவனர் தேறலும் கூதிர்க் கள்ளும்: சங்கப் பாடல்களில் மதுவும் உணவும் இயையும் முறை

ஆய்வுச் சுருக்கம்

புறநானூற்றின் 56ஆம் பாடல் சுட்டும் யவனர் தேறல், 'செந்நிறத் திராட்சை மது' என இன்று பொதுவாகப் பொருள் கொள்ளப்படுகிறது. அப்பொருளைப் பிற பாடல்களில் வரும் 'தேறல்' என்னும் சொல்லுக்கும் ஏற்றிச் சொல்லும் போக்கும் காணப்படுகிறது. தேறல் என்பது மூலப்பொருளைக் குறிக்கும் பெயரன்று, மதுவின் தெளிநிலையைக் குறிக்கும் பெயர் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. மதுவும் உணவும் இணைத்துச் சொல்லப்படும் இடங்களை ஆற்றுப்படை நூல்களிலும், குளிர்காலமும் மதுவும் இணையும் இடத்தை நெடுநல்வாடையிலும் கொண்டு, சங்ககால உண்முறையில் மதுவுக்கு இணையாக நின்றவை சூடும் புளிப்புமே என்ற முடிவை முன்வைக்கிறது.

திறவுச் சொற்கள்: தேறல், நறவு, தோப்பி, அரியல், யவனர், கலம், கூதிர், துவர்ப்பு, புளிப்பு

முன்னுரை

ஐரோப்பிய உணவு மரபில் குளிர்கால இரவு உணவுக்குச் செந்நிறத் திராட்சை மதுவைத் தேர்வது ஒரு கலையாகவே வளர்ந்துள்ளது. அதற்கு அடிப்படையான சுவை துவர்ப்பு. கருந்திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்புப் பொருள், சாறு தோலோடு சேர்ந்து புளிக்கும்போது மதுவில் இறங்குகிறது. அது உமிழ்நீரிலுள்ள புரதத்தோடு பிணைந்து நாவை வறளச் செய்கிறது. கொழுப்பும் புரதமும் மிக்க இறைச்சியை உடன் உண்ணும்போது அவ்வறட்சி தணிகிறது. இறைச்சியின் கொழுமையும் திகட்டாது நிற்கிறது. போர்தோப் பகுதியின் மதுவோடு ஆட்டிறைச்சியையும், பர்கண்டிப் பகுதியின் மதுவிலேயே நெடுநேரம் வேகவைத்த மாட்டிறைச்சியையும் பனிக்காலத்தில் உண்பது இவ்வடிப்படையில் அமைந்ததே.

இவ்வியைபை அப்படியே சங்கப் பாடல்களில் காண விழைவோர் உளர். கொங்குப் பகுதியில் இவ்விழைவு சற்று மிகுதி. திருப்பூரை அடுத்த மங்கலத்தின் வழியே ஓடும் நொய்யல், கீழ்த்திசையில் கொடுமணலைத் தொட்டுச் செல்கிறது. அவ்வூர்த் தொல்லியல் பெருமையைப் பேசும்போது, 'நொய்யற் கரையில் அன்றே உரோமானியர் மது அருந்தப்பட்டது' எனச் சொல்லக் கேட்பதுண்டு. இக்கூற்றைப் பாடல்களும் அகழாய்வும் தாங்குமா என்ற வினாவே இக்கட்டுரையின் தொடக்கம்.

1. தேறல்: பொருளின் பெயரா, நிலையின் பெயரா?

சங்கப் பாடல்களில் மதுவைக் குறிக்கும் சொற்கள் பல. அவற்றுள் பிழி, அரியல், தேறல் என்னும் மூன்றும் வினையடியாகப் பிறந்தவை. பிழிந்து எடுக்கப்படுவது பிழி. அரித்து எடுக்கப்படுவது அரியல். தேறி, அதாவது தெளிந்து நிற்பது தேறல். மூன்றும் ஒரே ஆக்கத் தொடரின் அடுத்தடுத்த நிலைகளைக் காட்டுகின்றன. எதனால் ஆக்கப்பட்டது என்பதை இச்சொற்கள் தம்மளவில் உணர்த்துவதில்லை.

சான்றுகளும் இதனை உறுதிசெய்கின்றன. மலைபடுகடாம் மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேன்கள்ளைத் தேறல் என்கிறது. சிறுபாணாற்றுப்படையில் நெய்தல் நிலத்து நுளைமகள் அரித்துத் தரும் பழைய மதுவும் தேறலே. புறநானூற்றின் 392ஆம் பாடலில் ஔவையார், நாள்பட்ட தேறலின் கடுப்பைத் தேள் கொட்டுதலோடு ஒப்பிடுகிறார். மலைவாழ்நரின் தேன்கள், கடற்கரையின் பழங்கள், அரசவையின் கடுங்கள் ஆகிய மூன்றையும் ஒரே சொல் தாங்குவதால், தேறல் என்றவுடன் திராட்சையை நினைப்பதற்குச் சொல்லளவில் இடமில்லை.

கனி மது என்பதாலும் அது அயல்வரவு ஆகிவிடாது. அகநானூற்றின் 348ஆம் பாடல் மாங்கனியும் பலாவும் தேனும் சேர்ந்து மூங்கிற் குழாயில் விளைந்த தோப்பியைப் பேசுகிறது. கனிச்சாற்றைப் புளிக்கவைக்கும் அறிவு குறிஞ்சி நிலத்தாரிடம் இருந்தது. அவர்கள் பயன்படுத்திய கனி வேறு.

2. புறநானூறு 56: பாடல் சொல்வதும் சொல்லாததும்

பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடிய இப்பாடல் பாடாண் திணையில் பூவைநிலைத் துறையினது. யவனர் கொண்டுவந்த, குளிர்ந்த மணமுடைய தேறலை வளையணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்திக் கொடுக்க, நாளும் உண்டு மகிழ்ந்திருக்குமாறு புலவர் மன்னனை வாழ்த்துகிறார்.

இப்பாடலில் மணம் உண்டு, குளிர்ச்சி உண்டு, கொண்டுவந்தோர் பெயர் உண்டு. நிறம் இல்லை. உடன் உண்ணும் உணவும் இல்லை, பருவமும் இல்லை. எனவே 'செந்நிற' என்னும் அடை, இன்றைய வழக்கிலிருந்து பாடலுக்குள் புகுந்ததாகும்.

யவனர் கொணர்ந்தது திராட்சை மதுவே என்பதை ஐயுற வேண்டியதில்லை. அதனைப் பாடற்சொல் தரவில்லை, புறச்சான்று தருகிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த எரித்திரியக் கடற்பெரிப்ளூசு, முசிறிப் பகுதியில் இறக்குமதியான பொருள்களுள் மதுவையும் சேர்த்து, அதன் அளவு மிகுதியன்று எனவும் குறிக்கிறது. பரிகசா எனப்பட்ட பரூச்சுத் துறைமுகத்தில் இத்தாலிய மதுவே விரும்பப்பட்டது என்றும், இலவோதிக்கேய மதுவும் அரேபிய மதுவும் வந்தன என்றும் அந்நூல் கூறுகிறது. அரிக்கமேட்டில் 1945இல் வீலரும், பின்னர்க் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினரும் மேற்கொண்ட அகழாய்வுகளில் மத்தியதரைக் கடற்பகுதியின் இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த எலிசபெத் இலைடிங் வில், கோசுத் தீவின் மதுச்சாடி வகையை அவற்றுள் அடையாளம் கண்டார்.

கோசு வகை மது கடல்நீர் கலந்து ஆக்கப்படுவது. அதன் செய்முறையை உரோமானிய அறிஞர் கேட்டோ தம் வேளாண் நூலில் எழுதியுள்ளார். சாடிகளின் உட்புறத்தில் மரப்பிசின் பூசுவதும் வழக்கம். ஆகவே பாண்டியன் பொற்கலத்தில் பெற்ற யவனர் தேறல் இவ்வகையினதாயின், அது உப்பும் பிசின்மணமும் கலந்த சுவையினதாக இருந்திருக்கும். இன்று செந்நிற மது எனப்படுவதன் சுவையை அதன்மேல் ஏற்றுவது பொருந்தாது.

3. கலம் என்னும் சொல்லும் கொடுமணலும்

யவனர் மதுவைக் கொணர்ந்த 'கலம்' மரக்கலமா, மட்கலமா என்பது இருவகையாகவும் கொள்ளத்தக்கது. இரு பொருளும் வரலாற்றோடு முரணாதவை. எனினும் சாடியைச் சுட்டுவதாக உறுதிகூறி, அகழாய்வு ஓட்டைப் பாடலுக்கு நேர்ச்சான்றாக வைப்பது மிகைக்கூற்று. இச்சொல்லுக்கு அணிகலன் என்னும் மூன்றாம் பொருளும் உண்டு. பதிற்றுப்பத்தின் 67, 74ஆம் பாடல்களில் கொடுமணம் என்னும் ஊரோடு சேர்ந்து கலம் பேசப்படும்போது அப்பொருளே பொருந்துகிறது.

1985 முதல் கா. இராசன் உள்ளிட்டோர் கொடுமணலில் நிகழ்த்திய அகழாய்வுகள் மணிக்கல் தொழில், இரும்புத் தொழில், தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகள் ஆகியவற்றை வெளிப்படுத்தின. கத்தாங்கண்ணி, வெள்ளலூர், புதிநத்தம் முதலிய கொங்கு ஊர்களில் உரோமானிய நாணயங்கள் கிடைத்துள்ளன. இவை வணிகத் தொடர்பை ஐயமின்றிக் காட்டுகின்றன. நாணயம் வந்த வழியில் மதுவும் வந்தது என்பதற்குத் தனிச்சான்று வேண்டும். விலையின் பொருட்டு வந்த பொன்வெள்ளியையும், துய்ப்பின் பொருட்டு வந்த மதுவையும் ஒன்றாகக் கொள்ளலாகாது. இன்று திருப்பூர்ப் பின்னலாடைக்கு ஐரோப்பியப் பணம் வருகிறது என்பதால் இவ்வூர் மக்கள் ஐரோப்பிய உணவை உண்கின்றனர் என ஒருவர் எழுதினால், அதை நாம் ஏற்கமாட்டோம்.

4. நிலமும் உணவும் மதுவும்

மதுவும் உணவும் இணைந்து வரும் இடங்கள் ஆற்றுப்படைகளில் செறிந்துள்ளன. பெரும்பாணாற்றுப்படை வலைஞர் குடியின் மதுவாக்கத்தை முறையாக விரிக்கிறது. குற்றாத அரிசியைக் கூழாக்கி, அகன்ற தட்டில் ஆற்றி, நல்லடை கலந்து, இரு பகலும் இரு இரவும் கழித்து, வலிய வாயையுடைய சாடியில் முதிரவைத்து அரித்தெடுக்கின்றனர். நல்லடையை முளைத்த நெல்லின் இடியலாகக் கொள்வது உரைமரபு. முளைநெல் கலப்பதால் அரிசியின் மாவுப்பொருள் இனிப்பாக மாறிப் பின் புளிக்கும் என்பது இன்றைய அறிவியலோடும் ஒத்துவருகிறது. இம்மதுவோடு தரப்படுவது சுட்ட மீன். அந்நூலிலேயே எயினர், இல்லில் ஆக்கிய தோப்பியைப் பருகி, மன்றத்தில் விடையை அறுத்து உண்கின்றனர்.

சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினத்தில், அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள விறகில் மூட்டிய தீயில் உலர்ந்த குழல்மீன் சுடப்படுகிறது; பழைய தேறல் உடன் வருகிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் அவையில் பொற்கலம் நிறைய மது வார்க்கப்படுகிறது; இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுந்தசையின் சூடு தாளாமல் பொருநர் வாயின் இருமருங்கும் மாற்றி மாற்றி உண்கின்றனர். மலைபடுகடாத்தில் தேறலும் நறவும் உண்டவரின் விடியற்கால மயக்கம் தீர, குறமகள் புளியும் மோரும் கூட்டி மூங்கிலரிசிச் சோறு ஆக்கித் தருகிறாள்.

இவற்றைத் தொகுத்து நோக்கின் இரு கூறுகள் தெளிவாகின்றன. ஒன்று, மதுவோடு உடன் வருவது பெரும்பாலும் சுட்ட உணவு. மற்றொன்று, மதுவின் பின் வருவது புளிப்பு. இரண்டாம் கூற்றுக்குப் புறநானூற்றின் 177ஆம் பாடல் வலுவூட்டுகிறது. ஆவூர் மூலங்கிழார் காட்டும் அரண்காவல் ஆடவர், மது நிறைய உண்டு கண்சிவந்து, புளிச்சுவையை விரும்பிக் களாவும் துடரியும் தின்கின்றனர். அது வெறுத்தபோது ஆற்றுமணல் மேட்டில் ஏறி நாவற்கனியைக் கொய்து உண்கின்றனர். நாவலின் துவர்ப்பு அனைவரும் அறிந்தது. ஐரோப்பிய மரபில் மதுவுக்குள்ளேயே இருக்கும் துவர்ப்பு, இப்பாடலில் மதுவுக்குப் புறத்தே, கனியாக வந்து சேர்கிறது. இவ்வேறுபாடு இரு மரபுகளையும் ஒப்பிடுவார் கருதத்தக்கது.

5. கூதிரில் அருந்தியது எது?

குளிர்காலத்தை முழுமையாகப் பாடுவது நெடுநல்வாடை. மக்கள் குறுகிய வாயையுடைய கலத்தின் தண்ணீரை உண்ணாது, அகன்ற வாயையுடைய தடவில் நெருப்பை நாடுகின்றனர், விசிறிகள் பயனின்றித் தொங்குகின்றன, சாளரங்கள் அடைபடுகின்றன. இப்பருவத்தில் மது அருந்துவோர் தெருவில் திரியும் உடல்வலி மிக்க ஆடவர். அவர்கள் வண்டு மொய்க்கும் தேறலை உண்டு, தூறலையும் பொருட்படுத்தாது உலவுகின்றனர். வண்டு மொய்த்தலால் அத்தேறல் இனிமையும் மணமும் உடைய உள்நாட்டு மது என உய்த்துணரலாம்.

மரபு இந்நூலின் நக்கீரரையும் புறநானூறு 56இன் நக்கீரனாரையும் ஒருவராகக் கொள்கிறது. அதனை ஏற்பின் ஓர் உண்மை புலப்படும். யவனர் தேறலை அறிந்த அப்புலவர், கூதிர்கால அரண்மனையில் யவனர் செய்த பாவைவிளக்கை வைக்கிறார். யவனர் மதுவை வைக்கவில்லை. குளிர்நாளின் மது தெருவுக்கு உரியதாகிறது. யவனர் மது பருவஞ்சாரா வாழ்த்துக்கு உரியதாகிறது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். நெடுநல்வாடையில் அரசன் பாசறையில் இருக்கிறான். அரசி பிரிவுத்துயரில் இருக்கிறாள். அரண்மனையில் மது இடம்பெறாமைக்கு அதுவே காரணம் ஆகலாம். அவ்வாறே புறநானூறு 56இல் உணவு இல்லாமை துறைபற்றியது. ஆற்றுப்படையில் உணவு நிறைந்திருப்பதும் வகைமைபற்றியதே. இம்மறுப்பு ஏற்கத்தக்கது. எனவே யவனர் தேறல் உணவோடு உண்ணப்படவில்லை என்று இக்கட்டுரை கூறவில்லை. உணவோடு உண்ணப்பட்டது என்பதற்கோ, குளிர்காலத்துக்கு உரியது என்பதற்கோ இப்பாடலைச் சான்றாக்க இயலாது என்பதே கூறத்தக்கது.

தொகுப்புரை

- தேறல் தெளிநிலை குறித்த பெயர். அதனைத் திராட்சை மது எனப் பொதுவாகப் பொருள்கொள்வதும் மொழிபெயர்ப்பதும் பிழைக்கு இடமளிக்கும்.
- யவனர் தேறல் திராட்சை மது என்பது புறச்சான்றால் பெறப்படுவது. அதன் செந்நிறம் பாடலால் பெறப்படாதது.
- கொங்குப் பகுதியின் நாணயச் சான்று வணிகத்தைக் காட்டும். மது நுகர்வைத் தானே காட்டாது.
- ஆற்றுப்படைகளில் மதுவோடு இயைவது சூடு, மதுவின் பின் இயைவது புளிப்பு; துவர்ப்பு கனிவழி வருவது.
- கூதிர்ப் பருவமும் மதுவும் உணவும் ஆகிய மூன்றும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பாடல்களில் ஒருங்கே வரவில்லை. அவற்றை ஒன்றாக்கிக் காட்டுவது ஆய்வாளரின் கற்பனையாகவே முடியும்.

வலைஞர் சாடியும், நுளைமகளின் பழங்கள்ளும், குறமகளின் புளிச்சோறும் தமக்கெனச் செம்மையான ஒரு சுவை ஒழுங்கைக் கொண்டவை. அயல்நாட்டு மதுவின் பெருமையை அவற்றின்மேல் ஏற்றினால், அவ்வொழுங்கு மறைந்துபோகும். பாடல்களில் உள்ள நாற்பால் மதுவகைகளையும் நிலவாரியாகத் தொகுத்து, அவற்றின் சுவைச்சொற்களை அகராதிப்படுத்துவது அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.